ஒன்பதாம் மாடிப் படிக்கட்டும் 935 வெள்ளியும்: ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் மூன்று மாதம்

கால் வலி என்று வருகிறவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கும் இடத்தை, மின்தூக்கி இல்லாத ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், செங்குத்தான மரப்படிக்கட்டின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலை. முதல் நாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எண்ணினேன், இருபத்திரண்டு படிகள். ஏறுவதுகூடப் பரவாயில்லை, திரும்ப இறங்க வேண்டுமே என்று நினைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்தப் படிக்கட்டுக்கு அங்கே வேறொரு பயனும் உண்டு, பின்னால் வருகிறேன். கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. நல்லதோடு குறையும் சொல்லப்போகிறேன். குறை சொல்லும்போது பெயர் இல்லாமல் இருப்பதே எனக்குச் சௌகரியம்.

எனக்கு வயது 46. தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நாற்பது வயதில்தான் ஓடத் தொடங்கினேன். அதற்கு முன்பு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. கடந்த ஆண்டு கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. ஆகஸ்டில் பாதி மராத்தான், அதை முடித்த தெம்பில் டிசம்பர் 1-இல் முழு மராத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். 42.195 கிலோமீட்டர். அக்டோபரிலேயே வலது குதிகாலுக்கு மேலே ஏதோ பிடித்துக்கொண்டது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கியதும் நொண்டுவேன், தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்று ஓடினேன். மராத்தானை ஐந்து மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தேன். கடைசி ஒன்பது கிலோமீட்டரில் ஓட்டம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பதக்கத்தோடு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்படி வேலை செய்யாததைப் பார்த்து அழுகை வந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினார். அதன்மேல் கோடாலித் தைலம். பக்கத்துவீட்டு மலாய்க்காரப் பாட்டி ஒட்டுப்பட்டை ஒன்று கொடுத்தார், தோல் எரிந்தது. இரண்டு வாரம் ஓடவே இல்லை. வலி போய்விட்டது. ஆனந்தமாக நான்கு கிலோமீட்டர் ஓடினேன், மறுநாள் காலை பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குதிகால் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார்) வலி உள்ளவர்கள் எல்லாரும் இந்த வட்டத்தில் ஒருமுறையாவது சுற்றியிருப்பார்கள்.

பாலஸ்டியருக்கு முன்னால் வேறொரு கிளினிக்குக்கு மூன்று முறை போனேன். அதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டும் ஒரே பெயரில் நடக்கும் வேலை என்பதை நம்பவே முடியாது. அது ஒரு கடைத்தொகுதியில் இருந்தது. வெளிச்சம், வாசனை, வெதுவெதுப்பான துண்டு. படுக்கவைத்து, வெந்நீர்ப் பொட்டலம் வைத்து, மின்கம்பிகள் ஒட்டி, பசை தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை எட்டு நிமிடம் உருட்டினார்கள். பிறகு கெண்டைக்காலைப் பிசைந்துவிட்டார்கள். சுகமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். எழுந்து போகும்போது காற்றில் மிதப்பதுபோல் இருக்கும், மறுநாள் காலை அதே நொண்டல். நான் எப்படி ஓடினேன், எவ்வளவு ஓடினேன், எந்தக் காலணி என்று மூன்று முறையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் மூன்று முறையும் கவுண்டரில் கேட்டார்கள், பத்து முறைக்கான 980 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திட்டத்தை இன்றைக்கே கட்டிவிடுகிறீர்களா என்று. முறைக்கு 110 வெள்ளி வீதம் 330 வெள்ளி கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பாலிகிளினிக் என்ற அரசாங்க மருந்தகம் வழியாகவும் போயிருக்கலாம். அங்கே மருத்துவரைப் பார்த்துப் பரிந்துரை பெற்றால் பிசியோதெரபி சலுகைக் கட்டணத்தில் கிடைக்கும். தனியார் கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே நேராகப் போகலாம். பணத்தைப் பார்க்கிறவர்கள் முதல் வழியில் போவதே நல்லது, காத்திருக்கப் பொறுமை இருந்தால். எனக்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. பிப்ரவரி 11-இல் தைப்பூசம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடக்க வேண்டும். நாளை எண்ணினேன், ஆறு வாரம் இருந்தது.

டிசம்பர் 30, திங்கட்கிழமை. பாலஸ்டியரில் எனக்குக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட் முப்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். மலேசியாவின் ஈப்போ ஊர்க்காரர். முதலில் ஆங்கிலத்தில் பேசினோம். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு சொற்களையும் சொன்னேன், இரண்டும் பொருந்தவில்லை. என் பெயரை மறுபடி பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "சுருக்கென்று குத்துகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, குடைகிறதா, எரிகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா?"

ஒரு தமிழாசிரியைக்கு இதைவிட நல்ல கேள்வி வேறு யார் கேட்பார்கள்! யோசித்துச் சொன்னேன்: காலையில் இழுத்துப் பிடிக்கிறது, நடக்க நடக்க விட்டுவிடுகிறது, ஓடி முடித்த இரவு குடைகிறது. தெறிப்பு இல்லை. எரிச்சலோ மரமரப்போ இல்லை. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எரிச்சலும் மரத்துப்போவதும் இருந்தால் நரம்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும், காலையில் பிடித்துக்கொண்டு அசைய அசைய விடுவது நாண் வலியின் கையெழுத்து என்றும் சொன்னார். வலிக்கு நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன, மருத்துவர் அறையில் நுழைந்ததும் எல்லாவற்றையும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு "பெயின்" என்ற ஒற்றைச் சொல்லோடு உட்கார்ந்துகொள்கிறோம்.

பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி, கெண்டைக்காலை உள்ளங்கையால் அமுக்கினார். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. நாண் அறுந்திருந்தால் அது அசையாதாம். அடுத்து, குதிகால் எலும்பிலிருந்து விரல் விரலாக மேலே நகர்ந்து நாணை இரு விரல்களால் கிள்ளிக்கொண்டே வந்தார். மூன்று விரற்கடை மேலே வந்ததும் நான் கட்டிலின் விளிம்பைப் பற்றினேன். அந்த இடத்தில் நாண் தடித்திருந்தது. இடது காலில் பென்சில்போல் இருப்பது, வலது காலில் சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தது. என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்று மாதமாக எண்ணெய் தடவிய கை அது, இந்த வித்தியாசத்தை ஒருநாளும் கவனித்ததில்லை.

எழுந்து நின்று சுவரில் இரண்டு விரல்கள் வைத்து, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். இடது கால் 26 முறை. வலது கால் ஒன்பதாவது முறையிலேயே நடுங்கி நின்றுவிட்டது. அந்த ஒன்பதைப் பார்த்தபோது வலியைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. மராத்தான் ஓடிய கால்!

என் கைக்கடிகாரத்தின் பதிவுகளைத் தன் கணினியில் திறந்தார். ஆகஸ்டில் வாரத்துக்கு 28 கிலோமீட்டர், அக்டோபரில் 55. இடையில் காலணியும் மாற்றியிருந்தேன்: குதிப்பகுதி 10 மில்லிமீட்டர் உயர்ந்திருந்த பழைய ஜோடிக்குப் பதிலாக 4 மில்லிமீட்டர் உயரமுள்ள புதிய ஜோடி. குதிகால் தாழத் தாழ நாண் கூடுதலாக இழுபடும். "டீச்சர், தொடக்கநிலை நான்கு பிள்ளைக்கு ஒரே மாதத்தில் உயர்நிலைப் பாடத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?" என்றார். நான் ஆசிரியை என்று பத்து நிமிடத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அக்கா போய் டீச்சர் ஆகிவிட்டேன். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். சிப்ரோபுளோக்சசின் போன்ற சில மாத்திரைகள் நாணைப் பாதிக்கக்கூடும் என்பது எனக்குப் புதிய செய்தி. நான் சாப்பிட்டிருக்கவில்லை, ஆனாலும் கேட்டாரே.

அதன்பின் அவர் சொன்னதுதான் நான் கொடுத்த காசின் சாரம். ஓய்வெடுத்தால் வலி அடங்கும், நாணின் பலமும் சேர்ந்தே அடங்கும். அதனால்தான் திரும்ப ஓடியதும் வலி வந்தது. நாணுக்குத் தசையைப்போல் ரத்த ஓட்டம் கிடையாது, மெதுவாகத்தான் மாறும், அதை மாற்றுவது பாரம். வலிக்கிற நாணுக்கே பாரம் கொடுக்க வேண்டும். அளந்து கொடுக்க வேண்டும்.

நான் முகம் சுளித்ததைப் பார்த்து ஒரு கதை சொன்னார். சுவீடனில் அல்ஃப்ரெட்சன் என்று ஓர் எலும்பு அறுவை மருத்துவர். ஓட்டக்காரர். அவருக்கே இந்த நாண் வலி. அறுவை சிகிச்சை செய்துகொள்கிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார், அவர் விடவில்லை. சரி, நாணை அறுத்தே காட்டுகிறேன், அப்போது செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலைப் படியின் விளிம்பிலிருந்து கீழே இறக்கிப் பயிற்சி செய்திருக்கிறார். அறுவதற்குப் பதிலாகச் சரியாகிவிட்டது. 1998-இல் அதே பயிற்சியைப் பதினைந்து ஓட்டக்காரர்களுக்கு 12 வாரம் கொடுத்து ஆய்வறிக்கை வெளியிட்டார், பதினைந்து பேரும் திரும்ப ஓடினார்கள். கோபத்தில் பிறந்த வைத்தியம் என்பதாலேயே எனக்கு அது பிடித்துவிட்டது. "எல்லாருக்கும் அப்படிப் பதினைந்துக்குப் பதினைந்து வருவதில்லை, டீச்சர்" என்று உடனே தண்ணீரும் ஊற்றினார். வலி குதிகால் எலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கவிடமாட்டேன், தரையிலேயே செய்யச் சொல்வேன் என்றார். காணொளி பார்த்துத் தாமாகத் தொடங்குகிறவர்கள் இந்த ஒன்றைக் கவனியுங்கள்.

பயிற்சியைக் கற்றுக்கொண்டது அந்த மரப்படிக்கட்டில்தான். கீழிருந்து ஏறி வந்த ஒரு முதியவர் எங்களுக்கு வழிவிட்டு நின்றார், நாங்கள் அவருக்கு வழிவிட்டு நின்றோம். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும். இரண்டு காலாலும் எழும்ப வேண்டும். பிறகு இடது காலை எடுத்துவிட்டு, வலது காலில் மட்டும், மூன்று எண்ணுவதற்குள் மெல்லக் கீழே இறங்க வேண்டும். ஏறும்போது வலது காலைத் தனியாக உபயோகிக்கக் கூடாது. முழங்காலை நேராக வைத்து 15 முறை, மூன்று சுற்று. முழங்காலை மடக்கி 15 முறை, மூன்று சுற்று. மடக்கினால் உள்ளே இருக்கும் அடித்தசைக்கு வேலை. காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180 இறக்கங்கள்.

180 என்பது எழுதிப் பார்க்கும்போது சாதாரண எண். காத்திப் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் எட்டாவது, ஒன்பதாவது மாடிகளுக்கு இடையே படிக்கட்டில் காலை ஐந்தேகாலுக்கு நின்றுகொண்டு எண்ணும்போது அது வேறு எண். முதல் வாரம் நாற்பதாவதில் கெண்டைக்கால் கொதிக்கும். துணி காயப்போட வருகிற சீன மூதாட்டி மூன்று நாள் பார்த்துவிட்டு நான்காம் நாள் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை நீட்டினார், களைத்துப்போய் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். மேல்மாடி முதியவர் நான் ஏதோ மந்திரம் ஜபிக்கிறேன் என்று எண்ணி, கடக்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நான் எண்ணிக்கொண்டிருந்தது "நூற்று முப்பத்தேழு, நூற்று முப்பத்தெட்டு."

வலிக்கும் ஒரு கணக்கு உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பயிற்சியின்போது ஐந்து வரைக்கும் போகலாம், ஆனால் மறுநாள் காலையில் பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அளவைக் குறைக்க வேண்டும். இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் போட்டேன். தினமும் கட்டிலிலிருந்து அடுக்களைக்குப் பதினான்கு அடி. எத்தனையாவது அடியில் பிடிப்பு விடுகிறது என்று எழுதுவேன். முதல் வாரம் அடுக்களைக்குப் போயும் விடவில்லை. மூன்றாவது வாரம் இன்னும் மோசம். பயந்துபோய்க் குறுஞ்செய்தி அனுப்பினேன். மாலை ஆறு மணிக்குப் பதில் வந்தது: "ஆறைத் தொட்டதா? இல்லையென்றால் தொடருங்கள்." தொடவில்லை, ஐந்துதான். தொடர்ந்தேன். நான்காவது வாரக் கடைசியில் ஒருநாள் பதினோராவது அடியில் விட்டது. அடுத்து ஒன்பது, மறுபடி பன்னிரண்டு, பிறகு ஏழு. பயிற்சி எளிதாகத் தோன்றியதும் முதுகுப் பையில் பாரம் ஏற்றச் சொன்னார். வீட்டில் எடைக்கட்டி கிடையாது. தேக்கா சந்தையில் வாங்கிய ஐந்து கிலோ பொன்னி அரிசியைப் பிரிக்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். எட்டாவது வாரத்தில் இரண்டாவது மூட்டை. மகன் தன் நண்பனிடம், "அம்மா அரிசியைத் தூக்கிக்கொண்டு படியில் நிற்கிறார்" என்று விளக்கியதைக் கேட்டேன்.

இப்போது தைப்பூசம். ஜனவரி நடுவில் மூன்றாவது முறை போனபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார், சாமி குற்றம் அவர்மேல் போகும், நான் தப்பித்துவிடலாம் என்றும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எங்கள் ஊரில் கல்லுமலை முருகன் கோயிலுக்கு நடப்போம்" என்றார். கேள்விகள் கேட்டார்: குடம் எத்தனை கிலோ, தலையிலா தோளிலா, எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள், வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். நடப்பதில் நாணுக்கு விழும் பாரம் ஓடுவதைவிட மிகக் குறைவு. சிக்கல் வெறுங்கால்தான், காலணியின் குதி உயரம் அங்கே இல்லை. ஆகவே அன்றிலிருந்தே எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் வெறுங்காலில் பத்து நிமிடம் நடக்கச் சொன்னார். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். பள்ளியில் பகல் முழுக்க நிற்கிற நாளில் கூட்டக் கூடாது. பால்குடங்கள் முதல் நாள் நள்ளிரவை ஒட்டியே புறப்படத் தொடங்கிவிடும். வெயிலில் கொதிக்கும் தாரில் துள்ளித் துள்ளி நடந்தால் நாணுக்கு ஆகாது, இரவிலேயே முடித்துவிடுங்கள் என்றார்.

அப்படியே செய்தேன். தைப்பூசம் இங்கே 1968 முதல் பொது விடுமுறை இல்லை என்பதால் செவ்வாய்க்கிழமை விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, திங்கள் இரவே பெருமாள் கோயிலில் நின்றேன். நடந்தபோது வலி மூன்று. அதிகம் படுத்தியது நடை இல்லை, டேங்க் ரோட்டுக்கு அருகே வரிசையில் அசையாமல் நின்ற நேரம். கூட்டத்தில் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன், பின்னால் நின்ற பெண் அருள் வந்துவிட்டதோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை நான்கு, அதற்கடுத்த நாள் இரண்டு. அம்மாவுக்கு நிம்மதி, எனக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். குளிர்சாதனம் இறைச்சிக்கடைக் குளிரறைபோல் இருக்கும். 45 நிமிடச் சந்திப்பு என்பதில் முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொரு முறையும் அதே படிவத்தை நிரப்புவதில் போகும். பயிற்சிகளைக் கைப்பேசிச் செயலியில் அனுப்புகிறார்கள், முழுக்க ஆங்கிலம். என்னால் படிக்க முடியும், ஆனால் காத்திருப்போர் அறையில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் மூதாட்டிக்குப் பேரன் வந்துதான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெரிய வருத்தம் நான்காவது சந்திப்பு. சீனப் புத்தாண்டுக்கு அடுத்த வாரம், என்னுடைய பிசியோதெரபிஸ்ட் ஊரிலிருந்து திரும்பவில்லை, வேறொருவர் வந்தார். பழைய குறிப்புகளைத் திறக்கவே இல்லை. எந்தக் கால் என்று கேட்டார். கெண்டைக்காலை முக்கால் மணி நேரம் பிசைந்து அனுப்பினார். முழுக் கட்டணம். அதைச் சொன்னபோது மன்னிப்புக் கேட்டார்கள், காசைத் திருப்பவில்லை. கவுண்டரில் அதிர்வலைச் சிகிச்சையைப் பற்றி ஒரு துண்டுத்தாளும் கொடுத்தார்கள், ஒரு முறைக்குக் கூடுதலாக 80 வெள்ளி. என்னுடையவரிடம் கேட்டதற்கு, "பன்னிரண்டு வாரம் பாரப் பயிற்சி செய்த பிறகும் அசையவில்லையென்றால் யோசிக்கலாம், இப்போது வேண்டாம்" என்றார். தான் வேலை பார்க்கும் இடத்தின் விளம்பரத்துக்கே இப்படிச் சொன்னவரை நம்பாமல் எப்படி இருப்பது?

கட்டணம்: முதல் சந்திப்பு 168 வெள்ளி, அடுத்தடுத்தவை 138 வெள்ளி, 9 விழுக்காடு பொருள் சேவை வரி தனி. ஆறு முறை போனேன். வரியோடு மொத்தம் 935 வெள்ளி 22 காசு. குறைந்த தொகை இல்லை. ஆனால் பன்னிரண்டு வாரத்தில் ஆறே முறை. வாரம் இரண்டு முறை வரச் சொல்லும் இடங்களைப் பற்றி எனக்கு இப்போது ஒரு சந்தேகம் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. நாண் மாறுவது மாதக்கணக்கில்; வாரம் இருமுறை பார்த்தால் அதில் என்ன மாறியிருக்கும், பார்ப்பதற்கு? சேர்வதற்கு முன்னால் இன்னொன்றும் செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்ய அரசாங்கப் பதிவு வேண்டும், பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. என்னுடையவர் பெயர் இருந்தது. உடம்புபிடி நிலையங்கள் சில தங்கள் பலகையில் எதையெதையோ எழுதிவைத்திருப்பதால் சொல்கிறேன்.

எட்டாவது வாரம் ஓடவிட்டார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. அடுத்த ஓட்டத்துக்கு முன் இரண்டு நாள் இடைவெளி. லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் அந்த ஒரு நிமிடம் ஓடியபோது ஒரு பிள்ளைவண்டி என்னை முந்திச் சென்றது. மார்ச் 24, கடைசிச் சந்திப்பு. சுவரில் இரண்டு விரல்கள், ஒற்றைக்கால். இடது 28. வலது 24. நாணின் தடிப்பு இன்னும் இருக்கிறது, அது போக இன்னும் காலம் ஆகும், போகாமலும் இருக்கலாம், வலி இல்லாதவரை அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். கவுண்டரில் ஏழாவது சந்திப்புக்கு நாள் குறிக்கக் கேட்டார்கள். அவர் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "டீச்சருக்கு வேண்டாம், வாரம் மூன்று நாள் படிக்கட்டு போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

யாருக்கு இந்த இடம் ஆகாது என்றும் சொல்லிவிடுகிறேன். படுத்துக்கொண்டு குணமாக விரும்புகிறவர்களுக்கு ஆகாது. கட்டுப் போட்ட காலோடு அந்தப் படிக்கட்டை ஏற முடியாதவர்களுக்கு ஆகாது. அவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னால் கீழே உள்ள கடையில் நாற்காலி போட்டுப் பார்ப்பதாகக் கேள்வி, நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை நேரம் கிடைக்க இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். நொவீனா எம்ஆர்டியிலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்று அவர்களின் இணையத்தளம் சொல்கிறது, கால் நன்றாக இருப்பவர் எழுதியது. பஸ்ஸில் போங்கள். அரைக்கால் சட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள், அங்கே கொடுப்பதில் என்னைப்போல் இருவர் நுழையலாம்.